முடிவு தெரிந்தவர்

சேனாபதி 1988இல் சாத்தூரிலிருந்து பஃபலோவுக்கு எம்.எஸ். படிக்கப் போனவர். அங்கே பனியில் விறைத்தபடியே அந்த ஊர் ஃபுட்பால் அணியின் மேல் பைத்தியமாகிவிட்டார். வேலை அவரை டெக்சஸுக்கு இழுத்து வந்து இருபது வருடம் ஆகிறது. டாலஸ் அணியைத் தவிர வேறு பேச்சே இல்லாத இர்விங் ஆபீஸுக்கு இன்றைக்கும் பஃபலோ தொப்பியோடுதான் போகிறார். பஃபலோ அணியோ ஒரு காலத்தில் தொடர்ந்து நான்கு வருடம், அமெரிக்க ஃபுட்பாலின் வருடாந்திர இறுதி ஆட்டமான சூப்பர் பௌலுக்குப் போய், நான்கிலும் தோற்றது. அதில் இரண்டு தோல்வி இதே டாலஸிடம். ஆபீஸில் அவர் வாங்காத கிண்டல் இல்லை. மனிதர் அசைந்துகொடுத்தால்தானே!

அவர் குடியிருக்கும் காப்பெலில் பக்கத்து வீட்டுக்குப் புதிதாக வந்த பொள்ளாச்சிக்காரர் கிட்டுசாமி இன்னொரு ரகம். பழைய சூப்பர் பௌல்களை முதலிலிருந்து வரிசையாக, ஞாயிற்றுக்கிழமைக்கு ஒன்றாகப் பார்த்து வருகிறார். யார் ஜெயித்தார்கள் என்று முன்கூட்டித் தெரிந்துகொள்ள மாட்டார். யாராவது வாயைத் திறந்தால் காதைப் பொத்திக்கொண்டு ஓடுவார்.

"அண்ணா, இந்த வாரம் இருபத்தஞ்சாவதுங்க. உங்க பஃபலோவும் நியூயார்க்கும். கட்டாயம் வரோணும். ரிசல்ட்ட மட்டும் சொல்லிப்போடாதீங்க."

நான்கு தோல்விகளில் முதலாவது அது. கடைசி உதையில் போன ஆட்டம். முப்பத்தைந்து வருடமாக அந்த உதை எந்த டிவியில் வந்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்பவர் அவர். போகாமல் இருக்கலாம்தான். போகாவிட்டால் தோற்ற மேட்ச் என்று கிட்டுசாமி கண்டுபிடித்துவிடுவாரே! பாவம், ஆறு மாதம் கட்டிக்காத்த ஆட்டம். கல் மாதிரி உட்கார்ந்திருந்துவிட்டு வந்துவிடலாம் என்று முடிவுகட்டிக்கொண்டு ஞாயிறு மதியமே போனார்.

ஆட்டம் சூடு பிடித்தது. கிட்டுசாமியின் மனைவி தனபாக்கியம் போண்டாத் தட்டோடு சமையலறை வாசலுக்கு வந்த அதே நொடியில் பஃபலோ பாய்ந்துபோய் முன்னிலை பெற்றது.

"அங்கயே நில்லு! நகராத!" என்று கிட்டுசாமி கத்தினார்.

"ஏனுங்க, அப்பவே முடிஞ்சுபோன மேட்ச்சு. இப்ப நான் நின்னா என்ன, உக்காந்தா என்ன?"

"எனக்கு இன்னும் முடியலயே!"

சேனாபதி சிரித்தார். தனபாக்கியம் தலையில் அடித்துக்கொண்டாலும் நின்றாள். போண்டா அவள் கையிலேயே ஆறியது. நியூயார்க் திரும்ப முந்தியது. இருபதுக்குப் பத்தொன்பது. இரண்டு நிமிடம் சொச்சம்தான் பாக்கி. பஃபலோ தன் எல்லை ஓரத்திலிருந்து கிளம்பி, விழுந்து எழுந்து, முட்டி மோதி மேலே வந்தது. கல் மாதிரி உட்கார வந்தவர் சோபாவின் நுனிக்கு வந்துவிட்டார்.

எட்டு விநாடி. நாற்பத்தேழு கஜத் தூரத்திலிருந்து ஓர் உதை. இரண்டு கம்பங்களுக்கும் நடுவே பந்து போய்விட்டால் மூன்று புள்ளி, கோப்பை பஃபலோவுக்கு.

தனபாக்கியம் கால் கடுத்து, தட்டை வைக்க ஓர் அடி எடுத்தாள்.

"அசையாதம்மா!"

கத்தியது கிட்டுசாமி இல்லை. சேனாபதி. எழுந்து நின்று, இரண்டு கையையும் குவித்து, உள்ளே, உள்ளே என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தார். அதைப் பார்த்த கிட்டுசாமிக்குச் சந்தேகமே இல்லை, ஜெயித்துவிட்டோம் என்று அவரும் துள்ளி எழுந்தார்.

பந்து உயர்ந்தது. வலது கம்பத்துக்கு வெளியே போனது.

கிட்டுசாமி திரும்பிப் பார்த்தபோது சேனாபதியின் கண் கலங்கியிருந்தது.

"அண்ணா, உங்களுக்குத்தான் தெரியுமேங்க?"

"தெரியும்ப்பா. நல்லாத் தெரியும். இருந்தாலும் இந்தத் தடவ உள்ள போயிரும்னே நெனச்சுட்டேன்."

கிட்டுசாமி மெல்லக் கேட்டார். "இதொண்ண மட்டும் சொல்லுங்க. அடுத்த வருசம் திரும்ப வர்றாங்களா?"

"வர்றாங்க," என்றார் சேனாபதி. சொன்ன வேகத்தில் அவர் முகமே மாறிவிட்டது. "அடுத்த ஞாயித்துக்கெழம எத்தன மணிக்கு?"