டேங்க் மூடியில் வைத்த பொட்டு

திருவண்ணாமலையில் செங்கம் ரோட்டில் எனக்கு ஒரு மெக்கானிக் ஷெட். மொபெட், ஆயில் இன்ஜின், எது வந்தாலும் பார்ப்பேன். ஊருக்கு வெளியே அணை ஏரியில் மீன் குத்தகை எடுத்திருந்தவரின் மோட்டார் படகும் என் பொறுப்பில்தான் இருந்தது. தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு ஆயுத பூஜைக்கு அந்த இன்ஜினுக்கு நானே சந்தனம் குழைத்துப் பொட்டு வைத்தேன். பூஜை போட்ட மெஷினை அன்றைக்குத் தொட மாட்டோம். மறுநாள் காலை நல்ல நேரத்தில் ஓட்டிப் பார்த்துவிட்டு, அப்படியே எதிர்க்கரைக்குப் போய் அக்கா வீட்டில் சாப்பிடுவதாகச் சொல்லியிருந்தேன்.

மறுநாள் நான் அணைக்கரையில் இறங்கியதுமே டீக்கடை போனில் அழைப்பு வந்தது. எதிர்க்கரையிலிருந்து மாமா, அக்கா வீட்டுக்காரர்.

"மச்சான், உங்க அக்காவைக் கட்டுவிரியன் கடிச்சிடுச்சு. விறகு எடுக்கறப்போ. டிராக்டர்ல ஏத்தி ரோட்டு வழியா வந்துடட்டுமா?"

"ரோட்ல சுத்தினா ரெண்டு மணி நேரம் ஆவும் மாமா. அக்காவைக் கரைக்கு இட்டுனு வாங்க. பத்து நிமிஷத்துல படகோட நான் அங்க நிப்பேன்."

அந்த வாக்கை யாரும் என்னிடம் கேட்டு வாங்கவில்லை. நானாகக் கொடுத்தேன்.

காற்று பலமாக இருந்ததால் பரிசல்களையெல்லாம் கரையில் கவிழ்த்து வைத்திருந்தார்கள். இன்ஜின் கயிற்றை இழுத்தேன், முதல் இழுப்பிலேயே பிடித்துக்கொண்டது. கொஞ்ச தூரம் போனதும் இரண்டு தடவை முக்கிவிட்டு நின்றுவிட்டது. மறுபடி இழுத்தேன். தோள்பட்டை கழன்றுவிடும்போல் இழுத்தும் அசையவில்லை.

டேங்க் மூடியைத் திறந்து பார்த்தேன். பெட்ரோல் நிறைய இருந்தது. மூடிவிட்டு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினேன், காய்ந்து கிடந்தது. துடைத்து மாட்டி இழுத்ததும் ஓடியது. எனக்கு ஒரே பெருமிதம். அந்தப் பெருமிதம் அடங்குவதற்குள் இன்ஜின் அடங்கிவிட்டது.

பிளக் காய்ந்திருந்தால் பெட்ரோல் இறங்கவில்லை என்று அர்த்தம். கார்பரேட்டரில் தூசு என்று முடிவு கட்டினேன். ஆடுகிற படகில் அதைக் கழற்றி, பெட்ரோல் வருகிற ஜெட் துளையை வாயால் ஊதி, திருகு ஒன்று தண்ணீரில் விழுந்துவிடாமல் பல்லில் கடித்துக்கொண்டு திரும்பப் பூட்டினேன். டேங்கை இன்னொரு தடவை திறந்து பார்த்து மூடினேன். இழுத்ததும் ஓடியது. ஏரி நடுவில் போய் நின்றது.

அங்கிருந்து பார்த்தால் எதிர்க்கரையில் டிராக்டர் தெரிந்தது. மாமா தலைக்கு மேல் துண்டை வீசிக்கொண்டிருந்தார். துடுப்பைப் போட்டால் காற்று என்னைப் பின்னால் தள்ளியது. குத்தகைக்காரர் கலப்படப் பெட்ரோல் ஊற்றிவிட்டார் என்று வாய்க்கு வந்தபடி திட்டினேன். திட்டிக்கொண்டே மூடியைத் திருகியபோது உஸ்ஸென்று காற்று உள்ளே போகிற சத்தம் கேட்டது.

மூடியைக் கையில் எடுத்துப் பார்த்தேன். அதன் நடுவில் குண்டூசி நுழைகிற அளவு ஒரு ஓட்டை உண்டு. பெட்ரோல் இறங்க இறங்க அந்த வழியாகக் காற்று உள்ளே போக வேண்டும். போகாவிட்டால் பெட்ரோல் இறங்காது. ஒவ்வொரு தடவையும் நான் மூடியைத் திறந்ததால்தான் இன்ஜின் கொஞ்ச நேரம் ஓடியிருக்கிறது. ஓட்டையின் மேல் என் சந்தனம் கல்லாகக் காய்ந்திருந்தது, நடுவில் அழகாகக் குங்குமம் வேறு. பூஜைப் பொட்டு கலையக் கூடாது என்று மூன்று தடவையும் மூடியை ஓரமாகப் பிடித்துத் திருகியவன் நான்.

நகத்தால் சுரண்டி எறிந்தேன். அதற்குப் பிறகு இன்ஜின் ஒரு இருமல் கூட இருமவில்லை.

பத்து நிமிடம் என்று சொன்னவன் ஒரு மணி நேரம் கழித்துப் போய்ச் சேர்ந்தேன். அக்காவின் இமைகள் பாதி இறங்கியிருந்தன. படகில் மாமா மடியில் படுத்துக்கொண்டு, "தூக்கம் தூக்கமா வருதுடா. சாப்ட்டியா நீ?" என்றாள். நாக்கு குழறியது. உனக்காக வடைக்கு ஊறப்போட்டிருந்தேன் என்று சொல்ல வந்தாள், முடிக்கவில்லை. அதற்கு மேல் அவள் என்னிடம் ஒன்றும் பேசவில்லை. இக்கரையில் குத்தகைக்காரரின் மீன் வண்டியில் ஏற்றி, திருவண்ணாமலை பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். மத்தியானம் உயிர் போய்விட்டது. அந்த ஒரு மணி நேரம் மிச்சமாகியிருந்தால் பிழைத்திருப்பாளா என்று டாக்டரிடம் நான் கேட்கவில்லை. பயம்.

ஒவ்வொரு வருஷமும் திதிக்கு மாமா வீட்டுக்குப் போகிறேன். படையல் போட்டு முடித்ததும் பந்தியில் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, வந்தவர்களிடமெல்லாம் அவர் ஒரே கதையைத்தான் சொல்வார்.

"நடு ஏரில இன்ஜின் நின்னுடுச்சு. என் மச்சான் தனி ஆளா மல்லுக்கட்டி ரிப்பேர் பண்ணி இட்டாந்தான். முந்தின நாளு அவன் கையால பொட்டு வெச்ச இன்ஜினு. அந்தப் புண்ணியம்தான், ஆஸ்பத்திரி வரைக்குமாவது அவ மூச்சோட போனா."

வந்தவர்கள் என்னைப் பார்ப்பார்கள். நான் இலையைப் பார்த்துக்கொண்டு, "ஆமா மாமா" என்பேன். இலையில் வடை இருக்கும்.