அல்வாவில் விழுந்த தாலிக்குண்டு

திருத்தணியில் எங்கள் தெருவில் இருக்கும் சந்திரமோகன், பழைய டயருக்குப் புது ரப்பர் ஒட்டும் கடையில் வேலை செய்கிறவர். ஒட்டின ரப்பருக்குள் காற்று அடைபட்டிருந்தால் வண்டி ஓடும்போது டயர் வெடித்துவிடும். அதைக் கண்டுபிடிக்கக் கடையில் ஒரு பெட்டி உண்டு. ரப்பரின் ஒரு பக்கம் தட்டினால் உள்ளே அலை ஓடும். மறுபக்கம் வைத்த பொத்தான் அதை வாங்கிப் பெட்டிக்குச் சொல்லும். அலை எங்கே இடறுகிறதோ அங்கே பழுது; பெட்டி கீச்சிடும்.

போன ஆடிக் கிருத்திகைக்கு அவருடைய அக்கா கவிதா ஒரு தாம்பாளம் அல்வா கிளறினார். வீட்டுக்காரர் வெங்கடேசன் நெஞ்சுவலியிலிருந்து பிழைத்து வந்ததற்கான வேண்டுதல். தாம்பாளத்தில் கொட்டிய பிறகுதான் பார்த்தார், தாலிச்சரட்டில் ஒரு தங்கக்குண்டைக் காணோம்.

படைக்கும் முன்னே அல்வாவில் கத்தியும் படக்கூடாது, விரலும் படக்கூடாது. குண்டு எங்கே கிடக்கிறது என்று தெரியாமல் படைக்கவும் மனம் வரவில்லை.

"உங்க பாவாவுக்கு ஏதோ ஆவப்போவுதுடா மோகனு!"

பாவா வெங்கடேசன் பக்கத்திலேயே இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "எனக்கு இன்னும் கொஞ்சம் சட்னி ஆவணும், அவ்ளோதான்."

சந்திரமோகன் ஓடிப்போய்ப் பெட்டியைக் கொண்டுவந்தார். அல்வாமேல் வாழையிலை விரித்து, இலைமேல் பொத்தானை வைத்துத் தட்டினார். பெட்டி வாயே திறக்கவில்லை.

"சூட்டுல கொழகொழன்னு கீது. அலைய முழுங்கிடுதுக்கா. ஆறட்டும்."

ஆறியதும் தட்டினார். இப்போது எங்கே தட்டினாலும் கீச்சிட்டது.

"அல்வா முழுக்க பழுதுங்குது."

"என் அல்வாவாடா பழுது?"

"எல்லாம் முந்திரிதான்க்கா! இவ்ளோவா கொட்டுவாங்க?"

முந்திரிக்கெல்லாம் மெல்லக் கீச்சிட்ட பெட்டி, ஓரத்தில் ஓரிடத்தில் மட்டும் கத்தியது. அங்கே இலைமேல் குங்குமம் வைத்தார். இலையோடு தூக்கிப்போய் மலைப்படி அடியில் கற்பூரம் ஏற்றிப் படைத்தோம். பொட்டு வைத்த இடத்தில் வெட்டினால், கத்தி முனையிலேயே குண்டு வந்தது. "முருகா!" என்று கவிதா அழுதுவிட்டார்.

சுற்றி நின்ற பெண்கள் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டார்கள்.

இந்தக் கிருத்திகைக்கு டயர் கடை வாசலில் தாம்பாளமும் இலையுமாக வரிசை நிற்கிறது.

"நீங்க எதுவும் தொலைக்கலியேம்மா?" என்றார் சந்திரமோகன்.

"அதெல்லாம் தெரியாதுப்பா," என்றார் வரிசையில் நின்ற கௌரியம்மாள். "தட்டாம படைச்சா சாமி ஏத்துக்குமா?"

கடைசியில் கவிதா வந்தார், கையில் தாம்பாளம் இல்லை. வெங்கடேசனைத்தான் இழுத்து வந்திருந்தார். "இவர ஒரு தட்டு தட்டிப் பாருடா."

சந்திரமோகன் பாவாவின் வயிற்றின்மேல் இலை விரித்துத் தட்டினார். பெட்டி வாயே திறக்கவில்லை. கவிதாவின் கை தாலிக்குப் போனது.

"ஒண்ணும் இல்லக்கா. பாவா சூட்டு அல்வா மாதிரி நல்லா கீறாரு."

கவிதா இலைமேல் குங்குமம் வைத்துவிட்டு, அவரை அப்படியே இலையோடு மலைக்குக் கூட்டிப்போனார்.