பேஸைக் குறையுங்கோ

மெல்பேர்ன் தமிழ் விழாக்களில், மற்றவர்கள் சினிமாப் பாட்டுப் பாட, நான் பின்னால் நின்று பேஸ் கிடார் வாசிக்கிறேன். ஒவ்வொரு விழாவிலும் யாராவது ஒரு அங்கிள் மேடைக்கு வந்து, "தம்பி, பாட்டுக் கேக்கேல்ல, உந்த டும்டும்மைக் குறையுங்கோ" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். திரும்பும்போது காரில் பழைய ப்ளூஸ் பதிவொன்றை அலறவிடுவேன். அந்தப் பாட்டை எழுதியவரே அதில் பேஸ் வாசிக்கிறார். பேர் வாங்கியதென்னவோ பாடியவர்தான். நேற்று டண்டினொங் சிக்னலில் நின்றபோது, "பாட்டே கேக்கலங்க" என்று என் மனைவி பேஸைக் குறைத்தாள். பேஸ் இல்லாமலும் பாட்டு நன்றாகத்தான் இருந்தது. அந்த மனுஷனுக்காவது எழுதின பாட்டு மிஞ்சியது. எனக்கு?