செக்யூரிட்டி மேசையில் ஒரு காலை

அஜ்மானில் எங்கள் கட்டட வாசலில் பகல் டூட்டி பார்ப்பவள் ஓர் உகாண்டாக்காரி. என்னைவிடப் பத்து வயது சின்னவள். அதட்டலில் என்னைவிடப் பெரியவள். பார்சல் கொண்டுவருகிறவர்கள் அவள் முன்னால் வாலைச் சுருட்டிக்கொள்வார்கள். அதனாலேயே எனக்கு அவளை ரொம்பப் பிடிக்கும்.

ஒரு நாள் காலை காய்கறிப் பையோடு வந்தபோது, நெற்றியைப் பிடித்துக்கொண்டு மேசையில் கவிழ்ந்திருந்தாள். எங்கள் வீட்டில் பிரஷர் மெஷின் உண்டு, கணவருக்காக வாங்கியது. ஓடிப்போய் எடுத்துவந்து அவள் கையில் சுற்றினேன். நூற்றெண்பதைத் தாண்டி நின்றது.

"மாத்திரை தீர்ந்து மூணு வாரமாச்சு சிஸ்டர்" என்றாள் இங்கிலீஷில், வீட்டில் பால் தீர்ந்துபோனதைச் சொல்வதுபோல.

"அடிப்பாவி!" என்று தமிழிலேயே கத்திவிட்டேன்.

கம்பெனி கொடுத்த இன்ஷூரன்ஸ் கார்டு ஒரே ஒரு கிளினிக்கில்தான் செல்லுமாம். அது ஷார்ஜாவில், முவைலா பக்கம். அது திறந்திருக்கும் நேரமெல்லாம் இவளுக்கு டூட்டி. இவளுக்கு லீவு கிடைக்கிற அன்று அது மூடியிருக்கும். சீக்காளி என்று தெரிந்தால் ஊருக்கு அனுப்பிவிடுவார்களோ என்ற பயம் வேறு. நம் ஆட்களுக்கென்ன, ஊருக்குப் போய்த் திரும்புகிற யாராவது பெட்டியில் மாத்திரையைக் கொண்டுவந்துவிடுவார்கள். இவளுக்கு அப்படியும் யாரும் இல்லை.

நான் செய்த புத்திசாலித்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். கணவரின் மாத்திரை அட்டையை எடுத்து நீட்டினேன். "இது அவர் உடம்புக்கு எழுதினது. என் உடம்பை டாக்டர் பார்க்கட்டும்" என்று திருப்பித் தந்தாள். சுருக்கென்றது. ஆனால் அவள் சொன்னதுதான் சரி.

"அப்போ எந்திரி. நான் உக்காருறேன், நீ போ."

மாட்டேன் என்றாள். நான் விடுவேனா? டாக்சியில் ஏற்றிவிட்டுத்தான் மறுவேலை. பிறகு அவள் நாற்காலியில் ஜம்மென்று உட்கார்ந்தேன்.

மூன்றாம் மாடித் தமிழ்க்காரர் லிஃப்டிலிருந்து இறங்கி என்னைப் பார்த்துத் திகைத்தார். "என்ன மேடம், சாருக்கு வேலை போயிடுச்சா?"

"ஆமா, அதான் நான் சேர்ந்துட்டேன். திரும்பி வரும்போது ஐடி காட்டிட்டு மேல போங்க."

சிரித்து முடிப்பதற்குள் கம்பெனி சூப்பர்வைசர் ரவுண்டுக்கு வந்துவிட்டான். அவனும் நம் ஊர்க்காரன்தான். என் பொட்டைப் பார்த்துத் தமிழிலேயே கேட்டான்.

"யாருக்கா நீங்க? எங்க ஆளு எங்க?"

"இங்கதான் குடியிருக்கேன். அவளை டாக்டர்கிட்ட நான்தான் அனுப்பினேன்."

"டூட்டி நேரத்துலயா? அவ வேலைக்கே வேட்டு வச்சிட்டீங்களேக்கா."

நல்லது செய்யப்போய் அவள் சோற்றில் மண்ணைப் போட்டுவிட்டேனோ என்று பதறினேன். ஆனால் என் வாய் என்றைக்கு அடங்கியிருக்கிறது?

"தம்பி, அவ இங்கயே மயங்கி விழுந்திருந்தா யாரு பதில் சொல்றது? நீதானே?"

அவன் போனை எடுத்தான், யோசித்தான், மறுபடி பைக்குள் போட்டான். "நீங்க எந்திரிங்கக்கா. வெளியாள் இங்க உக்காரக் கூடாது" என்று சொல்லிவிட்டுத் தானே உட்கார்ந்தான். நான் மேலே போகவில்லை. போனால் இருப்புக் கொள்ளாது. லிஃப்ட் பக்கமே நின்றேன்.

மதியம் மாத்திரைக் கவரோடு வந்தவள், தன் இடத்தில் சூப்பர்வைசர் இருப்பதைக் கண்டு கண்ணாடிக் கதவருகிலேயே நின்றுவிட்டாள். என்னைப் பார்த்த பார்வை என்னைக் கொன்றது.

"டாக்டர் என்ன சொன்னார்?" என்று அவளிடம் இங்கிலீஷில் கேட்டான்.

"தினமும் மாத்திரை போடணும். மாசம் ஒரு தடவை வரணும்."

"என்னைக்கு?"

"முதல் செவ்வாய்க்கிழமை."

"அன்னைக்குக் காலையில மாத்தாள் அனுப்புறேன். போயிட்டு வா."

அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. கதவுப் பிடியை விடாமலே, "சார், எனக்கு வேலை இருக்குதானே?" என்றாள்.

அவன் எழுந்து நாற்காலியை அவள் பக்கம் திருப்பினான். "உன் சேர்தானே, வந்து உக்காரு."