ஏழாம் பக்கம் பொய் என்று சொல்லி விற்ற காஜா பாய்

காஜா பாய் இறந்துவிட்டார். நேற்று மதியம், மதுரை ஆஸ்பத்திரியில்.

ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் பேப்பர் கடை வைத்திருந்தாரே... அவர்தான். விபத்து இல்லை. கம்பியால் தலையில் அடித்தார்கள். இதை முதலில் எழுதிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன்.

நான் பஸ் கண்டக்டர். மதுரையிலிருந்து விடியற்காலையில் ராஜபாளையம் வருகிற வண்டி. ஸ்ரீவில்லிபுத்தூரில் செத்த நேரம் நிற்கும். நான் இறங்குவதற்குள் ஜன்னல் வழியாக டிரைவர் மடியில் பேப்பர் வந்து விழும். டீ சொல்லவா மாப்ள என்று கூடவே பாய் குரலும் வரும்.

அவரை அடித்த அன்றைக்கு பேப்பரில் ஒரு செய்தி. பிளவக்கல் பக்கம் ஒரு கண்மாய்க் கரையைப் பலப்படுத்தியதாக பில் போட்டுப் பணத்தை எடுத்துவிட்டார்கள். ஒரு கூடை மண்கூட விழவில்லை. மழையில் கரை உடைந்து நெல் அம்புட்டும் போச்சு. காண்ட்ராக்ட் எடுத்த அரசியல் புள்ளி யார் என்று போட்டோவோடு போட்டிருந்தார்கள். பேர் நான் சொல்லவில்லை. எங்கள் பக்கம் எல்லோருக்கும் தெரியும்.

இப்படிச் செய்தி வந்தால் இங்கே ஒரு வழக்கம் உண்டு. விடிவதற்குள் ஆள் அனுப்பி பேப்பர் கட்டு மொத்தத்தையும் அள்ளிவிடுவார்கள். ஏஜென்ட்டுகளும் வாயை மூடிக்கொண்டு கொடுத்துவிடுவார்கள். பாய் கொடுக்கவில்லை. தினமும் வாங்குகிறவர்களுக்கு நான் என்ன பதில் சொல்ல என்று கேட்டாராம்.

பிடுங்கிக்கொண்டு போய் எரித்தார்கள். எரித்தது எது தெரியுமா... ஆன்மிக மலர்!

வெள்ளிக்கிழமை இணைப்பு தனிக் கட்டாக வரும். மெயின் பேப்பருக்குள் ஏஜென்ட்தான் சொருக வேண்டும். ஜென்மத்தில் பேப்பரைத் தொட்டிருந்தால்தானே அந்தத் தடிப்பயல்களுக்குத் தெரியும்.

தெரிந்ததும் திரும்பி வந்தார்கள். எங்கள் வண்டி உள்ளே நுழையும்போது பாயைக் கீழே போட்டு மிதித்துக்கொண்டிருந்தார்கள். விரல்களைத் தேடித் தேடி மிதித்தார்கள். ஒருவன் கம்பியை ஓங்கித் தலையில் இறக்கினான்.

டிரைவர் ஹாரனை அழுத்திப் பிடித்தபடி வண்டியை நேரே அவன்களைப் பார்த்து விட்டு, பாய்க்கு முன்னால் வந்து பிரேக் போட்டார். அதன் பிறகுதான் ஓடினான்கள், நாசமாய்ப் போகிறவன்கள்.

தூக்கப் போனேன். காது வழியாக ரத்தம் வந்துகொண்டிருந்தது.

"என்னைய விடு மாப்ள. சாக்குக்கு அடியில மெயின் கட்டு கெடக்கு. தூக்கிட்டு ராஜபாளையம் போயிரு."

டீக்கடைக்காரர் அவரை ஆட்டோவில் ஏற்றினார். நான் கட்டைத் தூக்கினேன்.

வண்டிக்குள்ளேயே எல்லோருக்கும் கொடுத்தேன். ஒருத்தர் புரட்டிப் பார்த்துவிட்டு, எதிர்ப் பார்ட்டிக்காரன் காசு கொடுத்து எழுதச் சொல்லியிருப்பான் என்றார். இன்னொருத்தர் அதில் வடையை வைத்து எண்ணெயைப் பிழிந்தார். என் சட்டையெல்லாம் பாய் ரத்தம்.

மறுநாள் அதே பேப்பரில் இப்படிப் போட்டிருந்தார்கள். பைக்கில் இருந்து தவறி விழுந்து பேப்பர் ஏஜென்ட் காயம்.

பாய்க்கு பைக் ஓட்டவே தெரியாது. சைக்கிள்தான்.

போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்ப் பார்த்ததைச் சொன்னேன். டூட்டி நேரத்தில் பேப்பர் விற்றீர்களாமே என்று என்னைக் கேட்டார்கள். பஸ் ஸ்டாண்ட் கேமரா ரிப்பேராம்.

அடுத்த வாரம் பாய் தலையில் கட்டோடு கடைக்கு வந்துவிட்டார். டாக்டர் படுக்கச் சொல்லியும் கேட்கவில்லை. அன்றைக்கு முதல் பக்கம் முழுக்க அந்தப் புள்ளிக்குப் பிறந்தநாள் வாழ்த்து விளம்பரம். ஏழாம் பக்க மூலையில், கண்மாய்ச் செய்தி தவறு, வருந்துகிறோம் என்று நாலு வரி.

பாய் ஒவ்வொரு பேப்பரையும் அந்தப் பக்கத்தை விரித்துத்தான் கொடுத்தார்.

"ஏழாம் பக்கம் பொய். மத்தத நீங்களே பாத்துக்கோங்க."

பிறகு எதற்கு பாய் இதை விற்கிறீர்கள் என்று கத்திவிட்டேன். சொல்லாமல் விற்றால்தானே மாப்ள தப்பு என்றார். சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை, உதடு கிழிந்திருந்தது.

நாலைந்து நாளில் கடையிலேயே வலிப்பு வந்து விழுந்தார். மதுரைக்குக் கொண்டுபோனார்கள். அவ்வளவுதான்.

இன்று காலை கடை பூட்டிக் கிடந்தது. பக்கத்துக் கடையில் பேப்பர் வாங்கினேன். ஐந்தாம் பக்கத்தில் பாய் போட்டோ. பைக் விபத்தில் காயமடைந்து சிகிச்சை பெற்று வந்தவர் மரணம்...

வண்டி கிளம்பியதும் அந்தப் பக்கத்தை விரித்துப் பிடித்துக்கொண்டு முன் சீட்டிலிருந்து கடைசி சீட் வரை போனேன். அஞ்சாம் பக்கம் பொய் என்று ஒவ்வொருவரிடமும் சொன்னேன்.

பின் சீட்டில் ஒருவர் கேட்டார். "அது எப்படி உமக்குத் தெரியும்?"

"நான் பாத்தேன்யா."

போயிட்டு வாங்க பாய்.