தறி நின்ற நேரம்

முருகனடியார்கள் எல்லோருக்கும் வணக்கம். என்னால் வாய்விட்டுப் பேச முடியாது. அதனால் எழுதித் தருகிறேன், யாராவது வாசித்துக் காட்டுங்கள்.

நான் பாட்டுக்காரி. சொந்தமாகப் பாட்டு எழுதி, மெட்டுப் போட்டு, பாடி, இணையத்தில் போடுவேன். பிறந்தது ஐயம்பேட்டை, வாழ்க்கைப்பட்டது காஞ்சிபுரத்தில் பட்டு நெய்யும் வீட்டில். எங்கள் தெருவில் தறிச் சத்தம் ஓயாது. அமாவாசைக்கு மட்டும் தறிக்கு லீவு. அன்றைக்குத்தான் கதவைச் சாத்திக்கொண்டு பாட்டைப் பதிவு செய்வேன். ஷேர் ஆட்டோவை வைத்து எழுதின காதல் பாட்டைக் கல்லூரிப் பிள்ளைகள் எல்லாம் பாடினார்கள். சென்னையில் மேடைகள் கிடைத்தன. சினிமாவிலும் ஒரு பாட்டுக்குக் கூப்பிட்டார்கள். தலைகால் புரியாமல்தான் திரிந்தேன், பொய் சொல்ல மாட்டேன்.

அப்போதுதான் கழுத்தில் கட்டி. தைராய்டு ஆபரேஷன் முடிந்து கண் விழித்தபோது வாயிலிருந்து காற்றுதான் வந்தது. குரல் நரம்பு பாதிக்கப்பட்டிருக்கிறது, திரும்ப வரலாம், வராமலும் போகலாம் என்றார் டாக்டர். அந்தச் சினிமாப் பாட்டை வேறொரு பெண் பாடினாள். அதைக் கேட்ட அன்று சோறு இறங்கவில்லை.

ஒரு வருஷம் கிருத்திகை தவறாமல் விரதம் இருந்தேன். குரலைக் கொடு என்பதைத் தவிர வேறெதுவும் கேட்கவில்லை. வரவில்லை. ஆடிக் கிருத்திகைக்கு ஊரே காவடி எடுத்தபோது நான் கோயில் பக்கமே போகவில்லை. இனி உனக்கும் எனக்கும் ஒன்றுமில்லை என்று முருகனிடம் சொல்லிவிட்டேன்.

அடுத்த வாரம், காலை பதினோரு மணி இருக்கும். எங்கள் வாசலில் பூமிக்குள் தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. தண்ணீர் எவ்வளவு என்று பார்த்துவிட்டு மூடாமல் விட்டது நான்தான். மூன்று வயது மகள் யாழினி அதில் விழுந்துவிட்டாள்.

குப்புறப் படுத்து அவள் இரண்டு கைகளையும் பிடித்துவிட்டேன். கழுத்தளவு தண்ணீரில் இருந்தாள். பிடி நழுவுகிறது. தூக்கத் தெம்பில்லை. தெருவில் ஆளில்லை. உள்ளே என் வீட்டுக்காரர் தறியில் இருக்கிறார். "ஏங்க" என்று கத்துகிறேன், எனக்கே கேட்கவில்லை. முருகா, எனக்குக் குரல் வேண்டாம், பாட்டு வேண்டாம், அவருக்குக் கேட்டால் போதும் என்று அழுதேன்.

தறி நின்றது. அவர் ஓடி வந்து பிள்ளையைத் தூக்கினார்.

"தறியில பாவு இழை அறுந்துச்சுமா. குனிஞ்சி முடி போட்டுக்கினு இருந்தேன். இன்னாவோ காத்து மாதிரி கேட்டுது. மனசு சரியில்ல, எழுந்து வந்துட்டேன்" என்றார்.

இழை அறுவது தினம் நடப்பதுதானே என்று நீங்கள் கேட்கலாம். தினம் நடக்கும். அந்த நிமிஷத்தில் ஏன் நடந்தது என்று எனக்குத் தெரியும்.

குரல் இன்றுவரை வரவில்லை. யாழினி ஃபோனில் என் பழைய பாட்டைப் போட்டுவிட்டு, "இது யாருமா பாடுறது?" என்கிறாள். நான்தான் என்றால் நம்புவதில்லை. அடுப்படிக்குப் போய் அழுதுவிட்டு வருவேன். இப்போது நான் எழுதும் பாட்டுகளை மற்றவர்கள் பாடுகிறார்கள். பொறாமை குறைந்திருக்கிறது, போகவில்லை.

கிருத்திகைக்கு மறுபடியும் போகிறேன். முதலில் நன்றி சொல்கிறேன், பிறகு குரலையும் கேட்கிறேன். உங்களில் யாராவது கேட்டுக் கேட்டுச் சலித்துப்போயிருந்தால், கோபமாக இருந்தாலும் அவனிடமே போய்ச் சொல்லுங்கள். அவன் காதில் விழுகிறது. யாழினியை இந்த வருஷம் பள்ளிக்கூடத்தில் சேர்த்திருக்கிறோம்.