வெள்ளிமலையில் இத்தாலிக்காரர் கூவியபோது

காலை ஒன்பதரைக்குக் கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்தின் எதிரே ரஹீமின் ஜீப்பில் ஏறினோம். ரஹீம் என் மச்சான். மலையில் சாமையும் கடுக்காயும் வாங்கி வந்து ஊரில் விற்கிறவன். பின் இருக்கையில் என் விருந்தாளி பாவோலோ, வயது எழுபத்திரண்டு, இத்தாலியில் பேர்பெற்ற இசையமைப்பாளர். டூரின் நகர ஹோட்டல் ஒன்றில் ஆறு வருடம் நான் வெங்காயம் நறுக்கிய காலத்தில், அவரும் மனைவியும் ஞாயிறுதோறும் அங்கே சாப்பிட வருவார்கள். அந்தப் பழக்கம்தான் அவரை எங்கள் வீடுவரை கொண்டு வந்திருந்தது.

"சார் சினிமாவுக்கா மியூசிக் போடறாரு?" என்றான் ரஹீம்.

"இல்ல மச்சான். சர்ச்சுல பாடறதுக்கு. அப்பறம் மேடை நாடகத்துக்கு."

"அப்ப வருமானம் கம்மிதான்" என்று அவனே முடிவுகட்டிவிட்டான்.

கச்சிராயபாளையத்தில் டீக்கு நின்றோம். ஒரு டீ பன்னிரண்டு ரூபாய். டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பாவோலோ தன் கதையைச் சொன்னார். அப்பா ரொட்டி சுடுகிறவர். எட்டு வயதில் தேவாலய ஆர்கனில் உட்கார்ந்த பையன், பிறகு இசைக் கல்லூரி, இசை நாடகங்கள், பெரிய பெரிய அரங்கங்கள். அவர் எழுதிய எல்லாவற்றையும் முதலில் பாடிய குரல் மனைவியுடையது. அவள் இறந்து மூன்று வருடம் ஆகிறது. அவள் நினைவாகச் சொந்த ஊர் தேவாலயத்துக்கு ஒரு பாடல் எழுதுகிறார். தனியாக ஒரு பெண் குரல், கூடப் பாட ஒரு கூட்டம். கடைசிப் பக்கம் மட்டும் வரவில்லை.

"அந்தக் குரல் எப்படி முடிகிறது என்று எனக்குத் தெரியவில்லை. இதை முடிக்காவிட்டால் இனி எதையும் எழுத மாட்டேன்" என்றார். மூன்று டீக்குக் காசைக் கொடுத்துவிட்டு ஜீப்பில் ஏறினோம்.

கோமுகி அணையைத் தாண்டியதும் மலைப்பாதை. வளைவுக்கு வளைவு காற்று குளிர்ந்தது. வெள்ளிமலைக்கு அப்பால் மண்சாலையில் குலுங்கிக் குலுங்கி, ரஹீமுக்குச் சாமை விற்கும் காளியம்மாவின் காட்டு நிலத்தை அடைந்தபோது மதியம் ஆகிவிட்டது. சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் போட்டார். பாவோலோ இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

மாலை ஐந்தரை. வெண்புகையாய் மஞ்சு இறங்கியது. காட்டுப்பன்றி வரும் நேரம் என்று காளியம்மா காவல் கொட்டாயில் ஏறினார். வாயருகே கையைக் குவித்து நீளமாக ஒருமுறை கூவினார். எதிர்ச்சரிவிலிருந்து ஒரு குரல். அதற்கும் அப்பால் இன்னொன்று. மலைமலையாகத் தாவிப் போய்க் காதுக்கு எட்டாத இடத்தில் மறைந்தது. இவ்வளவு பெரிய பாட்டுக்கச்சேரி என் ஊருக்குப் பக்கத்தில் தினம் நடக்கிறது, எனக்குத் தெரியாது.

பாவோலோ எழுந்தார். அதே கூவலை எடுத்தார், நீட்டினார், மேலே கொண்டு போனார், நிறுத்தவில்லை. கண்கள் மூடியிருந்தன. கன்னம் நனைந்திருந்தது.

"நிறுத்தச் சொல்லுங்க" என்று காளியம்மா பதறி இறங்கினார். "ஒருவாட்டி கூவுனா இங்க இருக்கேன்னு அர்த்தம். வுடாம கூவுனா ஆபத்துன்னு அர்த்தம். ஆளுங்க ஓடியாந்துடுவாங்க."

நான் பாவோலோவின் தோளைத் தொட்டபோது நேரம் கடந்துவிட்டது. சரிவெங்கும் டார்ச் வெளிச்சங்கள் இறங்கிக்கொண்டிருந்தன. தடியோடு, அரிவாளோடு, ஈரத்தலையோடு ஒரு பெண்கூட, மூச்சிரைக்க வந்து நின்றார்கள். ஒருவருக்குக் கல் தடுக்கிக் கால் கட்டைவிரலில் ரத்தம்.

"யாருக்கு இன்னா ஆச்சு? பன்னி அடிச்சிடுச்சா?"

எனக்கு மானம் போயிற்று. விஷயத்தைச் சொன்னேன். திட்டுவார்கள் என்று பார்த்தால், "உசுரு போறாப்ல இல்ல பாடிக்கினு இருந்தாரு" என்று ஒருவர் சிரித்தார். காளியம்மா கருப்பட்டிக் காப்பி வைத்துக் கொடுத்தார்.

பாவோலோ அடிபட்டவரின் காலைத் தன் கைக்குட்டையால் கட்டினார். பிறகு என்னிடம், "கேள். தெரியாத குரலுக்கு எப்படி வந்தார்கள்?" என்றார். கேட்டேன்.

காளியம்மாவுக்குக் கேள்வியே புரியவில்லை. "யாரு கொரலுன்னு பாத்துக்கினா வருவாங்க? நிக்காத கொரலுன்னா போவணும்ங்க. அவ்ளோதான்."

அதை நான் மொழிபெயர்த்தேன். "வாழ்நாள் முழுக்க என் இசைக்குக் கைதட்டியிருக்கிறார்கள்" என்றார் பாவோலோ. "யாரும் ஓடி வந்ததில்லை."

மறுநாள் இறங்கும்போது கோமுகி அணைக்கரையில் ஜீப்பை நிறுத்தச் சொல்லி, பானெட்டின்மேல் தாளை வைத்து அந்தக் கடைசிப் பக்கத்தை எழுதினார். கள்ளக்குறிச்சியில் ஷேர் ஆட்டோக்களின் ஹாரன் காதைப் பிளந்தது. விடாமல் அடிக்கிற ஹாரனுக்கு நாங்கள் யாரும் தலையைக்கூடத் திருப்புவதில்லை. அன்று எனக்கு அது உறுத்தியது.

பிப்ரவரியில், தேவாலயத்தில் பாடிய அந்தப் பாடலின் பதிவை அனுப்பினார். என் கைபேசியில் அதை வைத்துக்கொண்டு மறுபடி மலையேறினேன். களையெடுத்துக்கொண்டிருந்த காளியம்மா மண் கையைப் புடவையில் துடைத்துவிட்டுக் கைபேசியை வாங்கிக் காதில் வைத்தார். ஒரு பெண் குரல் தனியாக, நீண்டுகொண்டே போனது. காளியம்மாவின் முகம் மாறியது.

"யாருங்க இந்தப் பொண்ணு? எவ்ளோ நேரமா கூவிக்கினு இருக்குது. ஒருத்தரும் போவலயே."

அப்போது பதிவில் கதவுகள் திறந்தன. கல் தரையில் காலடிகள், ஒன்று, பல, ஓட்டமாக. பாட்டுக் கூட்டம் தெருவிலிருந்து உள்ளே வந்துகொண்டிருந்தது.

"தோ, வந்துட்டாங்க" என்றார் காளியம்மா. கூட்டம் பாடத் தொடங்குமுன் கைபேசியை என்னிடம் கொடுத்துவிட்டு, நிம்மதியாகக் களையெடுக்கப் போனார்.